பிளைவுட் சிஎன்சி வேலைக்கு டிசைனை யார் தயார் செய்வது?

மதுரையில் சிஎன்சி கட்டிங் (கணினி ஓட்டும் இயந்திரத்தில் வெட்டுவது) என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பூஜை அறைக் கதவும் ஜாலித் தடுப்பும்தான். அந்த வேலைகளில் ஒரு பூவிதழ் அரை எம்எம் பெரிதாகிப் போனாலும் பார்க்கிறவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் புத்தக அலமாரி, படிக்கும் மேசை, கடைக்கான அடுக்கு என்று பாகங்கள் ஒன்றில் ஒன்று செருகி நிற்கும் சாமான்களை அதே இயந்திரத்தில் வெட்டும்போது கதை வேறு. அரை எம்எம் கூடினால் சாமான் ஆடும். குறைந்தால் சுத்தியலால் தட்டினாலும் ஏறாது. அதனால் ஷீட் வாங்கப் போவதற்கு முன்பே ஒன்றை முடிவு செய்துகொள்ள வேண்டும்: டிசைனை யார், எதுவரை தயார் செய்வது?

வழிகள் மூன்று. காகிதத்தில் போட்ட படத்தைக் கடையில் கொடுத்து அவர்களையே வரையச் சொல்லலாம். நாமே கணினியில் கோட்டுப் படம் வரைந்து டிஎக்ஸ்எஃப் (கோட்டுப் படத்துக்கான கோப்பு வகை) கோப்பாகக் கொடுக்கலாம். அல்லது 3டி மாடல், வெட்டுப் பாதை, ஜி-கோட் (இயந்திரத்துக்கான கட்டளைகள்) வரைக்கும் எல்லாவற்றையும் நாமே முடித்துக்கொண்டு போய், இயந்திரத்தை ஓட்டித் தந்தால் போதும் என்று சொல்லலாம்.

என் கட்சி இரண்டாவது. ஷீட்டை வாங்கி அளக்கப்போவது நீங்கள். ஆகவே தடிமனைப் பொறுத்த முடிவுகள் உங்களிடம் இருக்க வேண்டும். சுழன்று வெட்டும் பிட்டையும் இயந்திரத்தின் மேசையையும் தினமும் பார்ப்பவர் ஆபரேட்டர். ஆகவே எப்படி வெட்டுவது என்பது அவரிடம் இருக்க வேண்டும். இந்தப் பங்கீடு ஒழுங்காக அமைவது இரண்டாவது வழியில்தான். மற்ற இரண்டுக்கும் இடம் உண்டு, அதையும் சொல்கிறேன்.

பேச்சுக்கு ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். திருமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றின் படிப்பகத்துக்கு நான்கு புத்தக அலமாரிகள் வேண்டும். ஒவ்வொன்றும் 1500 எம்எம் உயரம், 750 எம்எம் அகலம். பக்கப் பலகை இரண்டு, மேல் கீழ் சேர்த்துக் கிடைத் தட்டு ஐந்து. எல்லாம் 18 எம்எம் பிளைவுட், முதுகுக்கு மட்டும் தனியாக 6 எம்எம் ஷீட். அகலத்தை 750-க்குள் நிறுத்தியதற்குக் காரணம் உண்டு: புத்தகம் சுமக்கும் 18 எம்எம் தட்டை மூன்றடிக்கு மேல் நீட்டினால் நாளடைவில் நடுவில் தொய்ந்துவிடும்.

முதல் வழியின் பெரிய நன்மை, உங்களுக்கு எந்த மென்பொருளும் தெரிந்திருக்கத் தேவையில்லை என்பது. கட்டிங் கடைகளில் கோரல்டிராவிலும் ஆர்ட்கேமிலும் கை பழகியவர்கள் உண்டு. ஆர்ட்கேமை ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2018-லேயே நிறுத்திவிட்டாலும் அதிலேயே வேலையை முடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெயர்ப்பலகை, ஜாலி, கோயில் வாகனத்துக்கான பூவேலை, புடைப்புச் செதுக்கல் என்றால் இந்த வழியே சிறந்தது. அவர்களிடம் டிசைன்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும், கையும் தேர்ந்திருக்கும். நாம் வீட்டில் உட்கார்ந்து வரைவது வீண் உழைப்பு.

ஆனால் அலமாரிக்கு இந்த வழி இரண்டு இடத்தில் இடறும். வரைபவர் 18 எம்எம் ஷீட் என்று கேட்டதும் ஸ்லாட்டின் (தட்டைச் செருகும் துளையின்) அகலத்தை 18 என்றே போட்டுவிடுவார். ஷீட் இன்னும் கடையிலிருந்து வந்திருக்காது, அவர் எதை அளப்பார்? ஆசாரி 'முக்கால் இஞ்ச்' என்று சொல்லி அனுப்பியிருந்தால் அதையே 19 என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. இன்னொன்று, கோப்பு அவர்களிடமே தங்கிவிடும். அடுத்த வருடம் இதே அலமாரி இன்னும் இரண்டு வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரலாம். முதல் வழியில் போகிறவர்கள் வேலை பேசும்போதே கோப்பின் நகல் வேண்டும் என்று சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரு வார்த்தை. பாகங்கள் எல்லாமே நேர்கோட்டுச் செவ்வகங்களாக இருந்து, ஸ்க்ரூ போட்டுச் சேர்க்கப்போகிறீர்கள் என்றால் சிஎன்சியே வேண்டாம். பேனல் ரம்பம் இருக்கும் கடையில் சீக்கிரம் முடியும், செலவும் குறைவு. வளைவு, ஸ்லாட், காடி (பாதி ஆழப் பள்ளம்), வரிசைத் துளை, இவற்றில் ஏதாவது இருந்தால்தான் ரவுட்டருக்கு, அதாவது இந்த சிஎன்சி இயந்திரத்துக்கு, வேலை.

இனி இரண்டாவது வழி. இதில் நீங்கள் தலையிட வேண்டிய முதல் விஷயம் தடிமன். 18 என்று எழுதி விற்கும் ஷீட் வெர்னியரில் 17.4 காட்டலாம், 18.3 காட்டலாம். ஒரே ஷீட்டில் மூலைக்கு மூலை வித்தியாசம் இருக்கும். மேற்பரப்பைத் தேய்த்துச் சமன் செய்த காலிபரேட்டட் பிளைவுட் வாங்கினால் இந்த வித்தியாசம் வெகுவாகக் குறையும். செருகு வேலைக்கு அந்தக் கூடுதல் விலையைக் கொடுக்கலாம் என்பேன். எதை வாங்கினாலும் வாங்கிய பிறகு அளந்து, பிறகு வரைவதுதான் முறை. அளந்த தடிமனுடன் 0.2 முதல் 0.3 எம்எம் வரை சேர்த்தால் ஸ்லாட்டின் அகலம் கிடைக்கும். ஃபெவிகால் தடவிச் செருக அந்த இடைவெளி போதும்.

தரத்தைப் பற்றியும் ஒரு வரி. ஐஎஸ் 303 என்ற இந்தியத் தர முத்திரை சாதாரண உள்வேலைக்கு. ஐஎஸ் 710 என்பது மரைன் பிளைவுட், 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துச் சோதிக்கப்படுவது. படிப்பகத்தின் ஓடு ஒழுகாதவரை 303-ல் வரும் பிடபிள்யூஆர் (கொதிநீர் தாங்கும்) ரகம் போதும். தரத்தைவிட நான் அதிகம் பார்ப்பது ஓரத்தை. உள் அடுக்குகளுக்கு நடுவே சந்து தெரிந்தால் அந்த ஷீட் வேண்டாம். ஸ்லாட்டில் நுழையும் நாக்கை வெட்டும் இடத்தில் அந்தச் சந்து வந்து விழுந்தால் நாக்கு உடைந்துவிடும்.

மைக்காவைப் பற்றி முன்கூட்டியே முடிவெடுக்காமல் வரையத் தொடங்கவே கூடாது. 1 எம்எம் மைக்காவை இரண்டு பக்கமும் ஒட்டினால் 18 எம்எம் தட்டு 20 ஆகிவிடும். வெட்டிய பிறகு ஆசாரி மைக்கா ஒட்டினால், 18.2-க்கு வெட்டிய ஸ்லாட்டில் அந்தத் தட்டு எப்படி நுழையும்? முழு ஷீட்டுக்கும் முதலிலேயே மைக்கா ஒட்டி, காய்ந்த பிறகு அளந்து, அந்த அளவுக்கு ஸ்லாட் வரைந்து வெட்டுவது சுத்தமான வழி. அப்போது ஓரங்களில் மைக்கா தெறிக்காத பிட் வேண்டும் என்பதை ஆபரேட்டரிடம் சொல்லிவிட வேண்டும். எட்ஜ் பேண்ட் ஒட்டுகிற ஓரமாக இருந்தால் அதன் தடிமனையும் பாகத்தின் அளவிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். படிப்பகத்துக்கு மைக்கா அவசியமா என்றால், வார்னிஷே போதும் என்பது என் எண்ணம்.

அடுத்தது மூலை. சுழலும் பிட் உருண்டையானது, அதனால் உள்மூலையைச் சதுரமாக வெட்ட அதற்கு வராது. 6 எம்எம் பிட் ஓடினால் ஒவ்வோர் உள்மூலையிலும் 3 எம்எம் ஆரத்தில் ஒரு வளைவு மிஞ்சும். சதுர நாக்கு அதில் முட்டி நிற்கும். உளியால் செதுக்கிச் சதுரமாக்கலாம். ஓர் அலமாரி என்றால் ஆசாரி முகம் சுளிக்காமல் செய்து தருவார். நான்கு அலமாரிக்கு அது ஒரு நாள் வேலை. அதற்குப் பதில் படத்திலேயே மூலைக்கு ஒரு சிறு வட்டம் சேர்த்துவிடலாம். இதை டாக்போன் என்கிறார்கள். வட்டத்தின் மையம் இரண்டு சுவரிலிருந்தும் 2.1 எம்எம் உள்ளே இருந்தால் 6 எம்எம் வட்டம் மூலையைத் தொட்டுவிடும். வட்டத்தை மிகச் சரியாக 6 எம்எம் வைத்தால் சில மென்பொருள்கள் பிட் நுழையாது என்று அந்த இடத்தைத் தாண்டிப்போகும். 6.3 வைத்தால் பிரச்சினை இல்லை. டாக்போன் கண்ணுக்கு உறுத்தினால் வட்டத்தை ஒரு சுவர்ப் பக்கமாக மட்டும் தள்ளும் டி-போன் உண்டு. தட்டு செருகியதும் அதன் தோள் (நாக்குக்குப் பக்கத்தில் நிற்கும் ஓரம்) ஓட்டையை மறைத்துவிடும்.

பலர் ஸ்லாட்டுக்கு மட்டும் டாக்போன் போட்டுவிட்டு, தட்டில் நாக்கு தொடங்கும் இடத்தை மறந்துவிடுகிறார்கள். நாக்கும் தோளும் சேரும் இடமும் உள்மூலைதான். அங்கே வளைவு மிஞ்சினால் தோள் பக்கப் பலகையில் ஒட்டி உட்காராது, முடி அளவு இடைவெளி கடைசிவரை தெரியும்.

துளைத்து வெளியே வரும் ஸ்லாட்டா, பாதி ஆழக் காடியா என்ற கேள்வியும் இங்கேயே வரும். 6 எம்எம் ஆழக் காடியில் தட்டின் முழு ஓரமும் உட்காருவதால் பாரம் பரவும், வெளிப்பக்கம் எதுவும் தெரியாது. முன்னும் பின்னும் திறந்த காடியாக இருந்தால் டாக்போனும் தேவையில்லை. ஆனால் மேசை சமமாக இல்லாத இயந்திரத்தில் காடியின் ஆழம் இடத்துக்கு இடம் மாறும், அலமாரியின் அகலமும் கூடவே மாறும். துளைத்து வரும் ஸ்லாட்டில் அந்தக் கவலை இல்லை, ஆணி ஸ்க்ரூ இல்லாமலேயே பாகங்கள் தம் இடத்தில் நிற்கும். ஆட்கள் வந்துபோகும் பொது இடத்துக்கு நான் ஸ்லாட்டைத்தான் எடுப்பேன்.

ஷீட்டில் பாகங்களை அடுக்குவதையும் நீங்களே செய்யுங்கள், பணம் மிச்சமாவது இங்கேதான். எட்டுக்கு நாலு ஷீட் என்பது 2440-க்கு 1220. அலமாரியின் ஆழம் ஒரு அடி இருக்கட்டும் என்று 300 வைத்தால், நான்கு பட்டைக்கு 1200. நடுவில் மூன்று வெட்டுக்கு 18 எம்எம் போனால் 1218. ஓரம் சீவ இடமே இல்லை. ஷீட்டின் ஓரமோ பெரும்பாலும் அடிபட்டுத்தான் வரும். ஆக மூன்று பட்டைதான் தேறும், ஓர் அலமாரிக்கு ஒரு முழு ஷீட் போய்விடும். ஆழத்தை 285 ஆக்கினால் நான்கு பட்டையும் வரும், ஒவ்வோர் இடைவெளியும் 16 எம்எம். ஒரு பட்டையில் ஒரு பக்கப் பலகையும் ஒரு தட்டும், அல்லது மூன்று தட்டுகள். இரண்டுக்குமே நீளம் 2250. நான்கு அலமாரிக்கு மொத்தம் 12 பட்டை, அதாவது மூன்றே ஷீட். புத்தகங்களுக்கு 285 எம்எம் ஆழம் தாராளம். தானாக அடுக்கித் தரும் மென்பொருள்களும் இருக்கின்றன, ஆனால் ரேகை எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்லாவிட்டால் அவை பாகத்தைத் திருப்பிப் போட்டுவிடும். தட்டின் நீளவாக்கில் ரேகை ஓடினால்தான் பலம்.

எந்த மென்பொருளில் வரைவது? வடிவமைப்பாளராகவே கோரலில் வேலை செய்பவர் கோரலிலேயே வரையலாம். ஆட்டோகேட் தெரிந்த சிவில், மெக்கானிக்கல் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் வேறெதுவும் தேட வேண்டாம். காசு செலவில்லாமல் என்றால் லிப்ரேகேட், இங்க்ஸ்கேப் இரண்டும் இருக்கின்றன. அளவு பார்த்து வரைய லிப்ரேகேட், கையால் வளைவு இழைக்க இங்க்ஸ்கேப். இங்க்ஸ்கேப்பில் ஒரு பழைய சிக்கலைத் தெரிந்துகொள்ளுங்கள்: 2017-ல் வந்த 0.92 பதிப்பில் ஓர் அங்குலத்துக்கு 90 புள்ளி என்ற கணக்கை 96 ஆக மாற்றினார்கள். அதற்கு முந்தைய கோப்பைப் புதியதில் கவனிக்காமல் திறந்து அப்படியே கொடுத்தால் 750 எம்எம் தட்டு 703-ஆகச் சுருங்கி வரலாம். ஸ்கெட்ச்அப் பலருக்குப் பிடித்தது, மாடல் பார்க்க அருமையானது. ஆனால் அதில் வட்டம் என்பது இயல்பாக 24 பக்கப் பலகோணம். அதையே வெட்டக் கொடுத்தால் வளைவில் பட்டை பட்டையாகத் தெரியும்.

அளவு மாறிக்கொண்டே இருக்கும் வேலை என்றால், படம் வரைவதற்கு ஃப்யூஷனோ ஃப்ரீகேடோ பழகுவது நல்ல முதலீடு. தடிமனை ஒரே ஒரு எண்ணாக வைத்துவிட்டு, எல்லா ஸ்லாட்டும் அந்த எண்ணைப் பார்த்து மாறும்படி அமைக்கலாம். ஷீட் 17.6 என்று அளந்தால் ஓரிடத்தில் 17.6 என்று அடிக்கிறீர்கள், நாற்பது ஸ்லாட்டும் திருந்திவிடும். ஃப்ரீகேட் முற்றிலும் இலவசம், 2024-ல் அதன் 1.0 பதிப்பு வந்தது. ஃப்யூஷனின் இலவச உரிமம் சொந்த உபயோகத்துக்கு மட்டும், ஒரே சமயத்தில் பத்து கோப்புகளைத்தான் திருத்தலாம். இரண்டில் எதிலிருந்தும் பாகங்களின் கோட்டுப் படத்தை டிஎக்ஸ்எஃப் ஆக எடுத்துக் கடைக்குக் கொடுத்துவிடலாம். இது இரண்டாவது வழியே, 3டி நம் பக்கத்து உதவி மட்டும்.

கொடுக்கும் கோப்பு சுத்தமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு வடிவமும் முனை சேர்ந்த மூடிய கோடாக இருக்கட்டும். ஒன்றின்மேல் ஒன்றாக இரட்டைக் கோடு கிடந்தால் பிட் அதே பாதையில் இரண்டு முறை ஓடும். வெளி வெட்டு, உள் வெட்டு, பள்ளம், துளை என்று தனித்தனி லேயரில் வையுங்கள், நிறமும் வேறாக இருக்கட்டும். டிஎக்ஸ்எஃப் கோப்பு திறக்கிற இடத்தில் எம்எம் இஞ்சாகி 25.4 மடங்கு மாறிப்போவது அடிக்கடி நடப்பது. ஒரு மூலையில் 100-க்கு 100 எம்எம் சதுரம் ஒன்று வரைந்து வைத்தால் ஆபரேட்டர் உடனே சரிபார்த்துக்கொள்வார். பிட்டின் அகலத்துக்காகக் கோட்டைத் தள்ளி வரையாதீர்கள். பாகத்தின் உண்மையான அளவையே கொடுங்கள், தள்ளுவது வெட்டுப் பாதை போடுபவரின் வேலை. இருவரும் தள்ளிவிட்டால் 750 எம்எம் தட்டு 756 ஆகிவிடும்.

மூன்றாவது வழி, ஜி-கோட் வரை நாமே. சொந்த ரவுட்டர் வைத்திருப்பவருக்கும், கல்லூரிப் பட்டறையில் இயந்திரத்தைத் தானே ஓட்டுபவருக்கும் இதுதான் வழி, இதைக் கற்றால்தான் வேலை கைக்கு வரும். வெளிக் கடையில் வெட்டுவதற்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு கடையில் மாக்3, இன்னொன்றில் என்சிஸ்டுடியோ, மற்றொன்றில் கையடக்க டிஎஸ்பி ரிமோட் என்று கட்டுப்பாட்டுக் கருவி மாறும். ஒன்றுக்கு எழுதிய கோட் மற்றதில் அப்படியே ஓடும் என்று நம்ப முடியாது. உயரத்தின் பூஜ்யத்தை நீங்கள் ஷீட்டின் மேற்பரப்பில் வைத்திருக்க, அவர்கள் வழக்கம் மேசைப் பரப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிட் விஷயமும் அப்படித்தான். அப்-கட் பிட் தூளை மேலே அள்ளிவிடும், ஆனால் ஷீட்டின் மேல்முகத்தைப் பிசிறாக்கும். டவுன்-கட் மேல்முகத்தைச் சுத்தமாக வைத்து அடிமுகத்தைப் பிசிறாக்கும். கம்ப்ரஷன் பிட்டில் இரண்டு முகமும் சுத்தமாக வரும். ஆனால் அதன் நுனியில் இருக்கும் அப்-கட் பகுதி முதல் ஓட்டத்திலேயே மேல்முகத்துக்குக் கீழே இறங்கிவிட வேண்டும், மேலோட்டமாகச் சுரண்டினால் அந்தப் பிட்டுக்குக் கொடுத்த காசு வீண். வேகம்: 18,000 சுற்று, இரண்டு வெட்டு முனை, முனைக்கு 0.12 எம்எம் என்றால் நிமிடத்துக்கு 4320 எம்எம். பயந்து இதைப் பாதியாகக் குறைத்தால் பிட் மரத்தைத் தேய்த்துச் சூடாகும், ஓரம் கருகும். ஆனால் அந்தக் கணக்கு உங்கள் கடை இயந்திரத்தின் திடத்துக்குப் பொருந்துமா, இன்றைக்குப் பிட் எவ்வளவு மழுங்கியிருக்கிறது, ஷீட்டைப் பிடிப்பது வேக்குவமா ஸ்க்ரூவா, இதெல்லாம் அங்கே நிற்பவருக்குத்தான் தெரியும். வெட்டி முடியும்போது பாகம் நகராமலிருக்க ஆங்காங்கே வெட்டாமல் விடும் சிறு பிடிப்புகளையும் அவரே முடிவு செய்யட்டும். நாக்கின் மேலும் ஸ்லாட்டுக்குள்ளும் மட்டும் அவை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும்.

அதனால் வரையத் தொடங்கும் முன் கடைக்கு ஒரு போன் போடுங்கள். "அண்ணே, பிளைவுட்டுக்கு என்ன சைஸ் பிட் போடுவீங்க? மேசை எட்டுக்கு நாலு முழுசா எடுக்குமா? டிஎக்ஸ்எஃப் குடுத்தா போதுமா?" இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் டாக்போன் அளவு, பாகங்களுக்கு இடையே விட வேண்டிய இடைவெளி, கோப்பின் வகை எல்லாம் தீர்ந்தது. கூலி ஷீட் கணக்கா, மணிக் கணக்கா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மணிக் கணக்கு என்றால் தேவையில்லாத வளைவுகளை அலமாரியிலிருந்து எடுத்துவிட நல்ல காரணம் கிடைத்தது.

முழு வேலைக்கு முன் ஒரு துண்டை வெட்டிப் பார்ப்பதற்கான கூலியையும் பேசி வையுங்கள். அதே ஷீட்டின் கழிவில் அளந்த தடிமனுக்கு 0.1, 0.2, 0.3, 0.4 கூட்டி நான்கு ஸ்லாட், ஒரு நாக்கு. கையால் அழுத்தி நுழைகிற, தலைகீழாகப் பிடித்தால் விழாத ஸ்லாட் எதுவோ அதுதான் உங்கள் அளவு. பிறகு ஓர் அலமாரியை மட்டும் வெட்டி, ஃபெவிகால் இல்லாமல் சேர்த்துப் பார்த்துவிட்டு மற்ற மூன்றுக்குப் போங்கள். மூன்று ஷீட்டையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியிருந்தாலும் ஒவ்வொன்றையும் தனியாக அளந்து, தடிமனை அதன் ஓரத்திலேயே பென்சிலில் எழுதிவிடுங்கள். ஸ்லாட்டின் அகலத்தைத் தீர்மானிப்பது அது வெட்டப்படும் பலகையின் தடிமன் இல்லை, அதில் செருகப்போகும் தட்டின் தடிமன். அந்தத் தட்டு வேறு ஷீட்டிலிருந்து வருகிறது என்றால், எந்தப் பக்கப் பலகைக்கு எந்த ஷீட்டின் தட்டு என்று படத்திலேயே குறித்துக் கொடுங்கள்.